உபய விளக்கும் ஊரார் கட்டணமும்

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளைப் பயில்வோர் ஒரு செய்தியை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவர். இறைவன் திருமுன் இரவும் பகலும் அவியாது எரியும் நந்தா விளக்கொன்றினை வைக்க விரும்பியவர் வெறும் விளக்கினை மாத்திரம் கொடுத்துச் சென்றாரல்லர். அவ்விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கும் பொருட்டுப் பெரும்பாலும் 96 ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டார். இறக்கும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, எண்ணிக்கை என்றும் குறையாது நிற்குமாதலின் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. எத்தனை ஆடு, எவ்வளவு நெய், அளப்பவர் யார், எந்த அளவையால் அளப்பது என்பனவெல்லாம் கல்லிற் பொறிக்கப்பட்டன. ஈழத்திலும் இம்மரபுக்குச் சான்று உண்டு. திருகோணமலைப் பெரியகுளத்தையடுத்த வெல்கம் விகாரையிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள், தமிழ்ப் பௌத்தர்கள் நந்தா விளக்குக்கென அளித்த கொடைகளைக் கூறுகின்றன. சைவமாயினும் பௌத்தமாயினும், விளக்கைக் கொடுத்தவர் எண்ணெய்க்கும் வழிசெய்தார். கொடுத்ததற்குக் கணக்கும் வைத்தார்.

இக்காலத்து ஆலயமொன்றினுள் நுழைவோர் காண்பது யாது? மண்டபத்து ரியூப் லைற் ஒவ்வொன்றிலும் உபயகாரரின் பெயரும் ஊரும் சிவப்பு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுத்துப் பெருகப் பெருக ஒளி குறுகும். மின்விசிறியின் இதழிலும், நீரிறைக்கும் மோட்டரின் முதுகிலும், ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்திலும் உபயம் என்ற சொல் தவறாது இடம்பெறும். ஆயின் அவ்விளக்கை எரிக்கும், அவ்விசிறியைச் சுழற்றும், அம்மோட்டரை இயக்கும் மின்சாரத்திற்கு உபயகாரர் எவருமிலர். பெயர் எழுதுவதற்கு மின் கட்டணப் பட்டியலில் இடமில்லை என்பதே இதற்குக் காரணம் போலும்.

மூதாதையர் எண்ணெயைக் கொடுத்து விளக்கை எரித்தனர். இக்காலத்தவர் விளக்கைக் கொடுத்துவிட்டு எண்ணெய்க்கு ஊராரைக் கைகாட்டுகின்றனர். வழிபாட்டிடங்களின் மின்கட்டணம் பற்றி இந்நாட்டில் நிகழ்ந்த விவாதங்கள் யாவும் இவ்வோர் உண்மையை விலக்கிவிட்டே நடந்துள்ளன. கட்டணம் கூடுதலா குறைவா என்று வாதிட்டவர்கள் பலர். எத்தனை அலகு, எதன்பொருட்டு, எவர் செலவில் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். இக்கேள்விக்கு விடைகாணும் முறையே சக்திக் கணக்காய்வு எனப்படுவது. இதனை ஏற்க மறுக்கும் வழிபாட்டிடத்திற்குச் சலுகை கோரும் தகுதி இல்லை என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

சலுகையும் அதன் சுமையும்

2013ஆம் ஆண்டுக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் இலங்கையில் மின்கட்டணம் உயர்த்தப்படவில்லை. அக்காலத்தில் வழிபாட்டிடங்களும் தரும நிறுவனங்களும் தனியொரு வகுப்பாகக் கொள்ளப்பட்டு, முதல் 30 அலகுகளுக்கு அலகொன்றுக்கு 1 ரூபா 90 சதமும், மாதம் 180 அலகுக்கு மேற்பட்டவற்றுக்கு 9 ரூபா 40 சதமும் செலுத்தி வந்தன. அதேகாலத்தில் 180 அலகுக்கு மேற் பயன்படுத்திய வீடொன்று அம்மேற்பட்ட அலகுக்குச் செலுத்தியது 45 ரூபா. இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு, ஓர் ஆலய நிருவாகிக்கு ஆண்டாண்டாகக் கற்பித்த பாடம் ஒன்றே: மின்சாரம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளன்று.

2022ஆம் ஆண்டு அப்பாடத்தைப் பொய்யாக்கியது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டு, மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. அதன்பின் கட்டணம் பலமுறை இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. சலுகைக்குப் பழகிய வழிபாட்டிடங்களுக்கு முதலிரு உயர்வுகளும் பேரிடியாயின. நான்கு மதத்தாரின் வழிபாட்டிடங்கள் சார்பிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. குறைக்க வேண்டும், தள்ளுபடி செய்ய வேண்டும், அரசே ஏற்க வேண்டும் என்பன கோரிக்கைகளாயின.

அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. கடற்றொழிலாளியின் படகுக்கும், மின்னிணைப்பற்ற குடிலின் விளக்குக்கும் உரிய எண்ணெய் அது. ஆலயத்தின் அலங்கார வளைவுக்காக எழுந்த குரல்களுள் எத்தனை, அக்குடிலின் விளக்குக்காக எழுந்தன?

உற்பத்திச் செலவிற் குறைந்த விலைக்கு ஒருவருக்கு மின்சாரம் கொடுக்கப்படுமாயின் அக்குறையை வேறொருவர் செலுத்தியே தீரவேண்டும். அவ்வேறொருவர் கூடிய கட்டணம் செலுத்தும் பிற பாவனையாளராவர், அன்றேல் திறைசேரியாகும். இந்நாட்டுத் திறைசேரியோ பெரிதும் மறைமுக வரியிலேயே தங்கியுள்ளது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டது. கடையிற் சவர்க்காரம் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் அவ்வரியைச் செலுத்துகின்றார். எனவே சலுகை என்பது அரசன் வானத்திலிருந்து பொழியும் கொடையன்று; எளியோர் பலரின் சிறுகாசு. அதனைப் பெறுவோர் அது எவ்வாறு செலவாகின்றது என்று காட்டக் கடமைப்பட்டவராவர்.

கணக்காய்வு என்பது யாது?

சக்திக் கணக்காய்வு என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளும் வெளிநாட்டு நிபுணரும் மனக்கண்முன் தோன்ற வேண்டியதில்லை. முதற்படி, கடந்த 12 மாதக் கட்டணப் பட்டியல்களை ஓரிடத்தில் வைத்து மாதந்தோறும் செலவான அலகுகளை நிரைப்படுத்தலாகும். திருவிழா மாதம் எவ்வளவு உயர்கின்றது, எவ்விசேடமும் இல்லாத மாதத்தில் எவ்வளவு எஞ்சுகின்றது என்பது அதிலேயே புலப்படும். இரண்டாம் படி, கட்டடத்திலுள்ள ஒவ்வொரு விளக்கையும் விசிறியையும் மோட்டரையும் எண்ணி, அதன் வாற்று அளவையும் அது நாளொன்றுக்கு இயங்கும் மணிநேரத்தையும் குறித்தலாகும். மூன்றாம் படி, நடை சாத்தியபின் மின்மானியை நோக்குதல். எல்லாம் அணைந்தபின்னும் அது சுழலுமாயின், அணையாத ஏதோவொன்று எங்கோ உள்ளது. இறுதிப் படி, செய்யத்தக்க திருத்தங்களைச் செலவற்றவை, சிறுசெலவின, பெருஞ்செலவின என வகுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மாதத்தில் தன் செலவை மீட்டுத் தரும் என்று கணித்தலாகும்.

இக்கணக்கின் தன்மையை விளக்க எளிய உதாரணம் ஒன்று போதும். மண்டபமொன்றில் பழைய வகை ரியூப் லைற்றுகள் 40 உள்ளனவெனக் கொள்ளலாம். குழாயின் 40 வாற்றுடன் அதன் சோக்குச் சுருள் உண்பதையும் சேர்ப்பின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 வாற்றை நுகரும். நாளொன்றுக்கு 6 மணிநேரம் எரியின் மாதத்திற்கு 360 அலகு செலவாகும். அவற்றை 20 வாற்று எல்.ஈ.டி. குழாய்களாக மாற்றின் 144 அலகு போதும். எஞ்சுவது 216 அலகு. இவ்வாறே, 75 வாற்று மின்விசிறி செய்யும் வேலையை இக்காலத்துச் சிக்கன வகை விசிறி 30 வாற்று அளவிற் செய்துவிடும்.

மறதியின் விலையையும் நோக்குதல் வேண்டும். அலுவலக அறையிலோ களஞ்சியத்திலோ 100 வாற்று அளவான மின்பாவனை ஒன்று இரவுபகலாக அணைக்கப்படாது விடப்படுமாயின் மாதத்திற்கு 72 அலகு வீணாகும். இந்நாட்டில் மாதம் 30 அலகுக்குள் வாழும் வறிய குடும்பங்கள் உள்ளன. அத்தகைய இரு குடும்பங்களின் ஒளியும் காற்றும் சேர்ந்தாலும் அவ்வொரு மறதிக்கு ஈடாகா.

திருவிழாக் காலம் தனிக்கணக்குக்கு உரியது. 5 வாற்று அலங்காரக் குமிழ்கள் 2,000 தொங்கவிடப்பட்டு இரவில் 5 மணிநேரம் எரியின் ஓரிரவுக்கு 50 அலகு செலவாகும். 25 நாள் மகோற்சவத்திற்கு அது 1,250 அலகு. மாதம் 50 அலகு பயன்படுத்தும் வீடொன்று அதனைக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழும். இழையெரியும் குமிழோ தான் உண்ணும் மின்சக்தியில் ஏறக்குறைய 5 வீதத்தையே ஒளியாக்குவது, ஏனையது வெப்பமாகின்றது. ஏற்கெனவே வெப்பமான நாட்டில், வியர்த்து நிற்கும் அடியாரை மேலும் வெப்பமாக்கி, அவ்வெப்பத்தைத் தணிக்க மின்விசிறியைச் சுழற்றும் விந்தையை வேறெங்கு காண்பது? இதற்கு மேலாக, மின்பிறப்பாக்கி. ஒரு லீற்றர் டீசலில் அது நல்ல சுமையில் இயங்கும்போது ஏறக்குறைய 3 அலகு மின்சாரமே தரும். தேவைக்கு மிகப் பெரிய பொறியைக் கொண்டுவந்து சிறு சுமைக்கு ஓடவிடின் அதுவும் தராது.

எல்.ஈ.டி. வந்துவிட்டமையால் இப்பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று சிலர் கூறுவர். 1865ஆம் ஆண்டில் நிலக்கரி பற்றி எழுதிய ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், பொறிகள் சிக்கனமாகுந்தோறும் நிலக்கரியின் மொத்த நுகர்வு குறையாது பெருகுவதைச் சுட்டிக்காட்டினார். ஆலய வீதிகளிலும் அதுவே நிகழ்கின்றது. குமிழ் சிக்கனமானது, ஆகவே ஒரு வளைவு நின்ற இடத்தில் ஐந்து வளைவுகள் நிற்கின்றன, கோபுரத்தில் மட்டும் எரிந்த நிறவிளக்கு மதிலிலும் மரத்திலும் ஏறியுள்ளது. விளக்கை மாற்றுதல் மட்டும் கணக்காய்வு ஆகாது. இவ்விளக்கு இங்கு, இந்நேரத்தில், எதற்கு என்று கேட்டலே கணக்காய்வு.

மறுப்புரைகள்

இறைவன் சந்நிதியிற் கணக்குப் பார்ப்பதா என்பது முதல் மறுப்பு. பக்தியின் பெயரால் எழும் இம்மறுப்பு பக்தி மரபையே அறியாதது. நெய்யை உழக்காலும் நெல்லை மரக்காலாலும் அளந்து கல்லிற் பொறித்த மரபிற்குக் கணக்கு நிந்தையாகத் தோன்றவில்லை. கோயில் நிருவாகத்தின் குறைகளைத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டுக் கண்டித்த ஆறுமுக நாவலரை நாத்திகர் என்று கூறத் துணிபவர் எவருமிலர். இறைவனுக்குரியதெனக் கருதப்படும் பொருளை எண்ணாது இறைப்பதே நிந்தை. இஸ்லாத்தில் வீண்விரயம் விலக்கப்பட்டது. பௌத்தத்தில் அளவறிந்து நுகர்தல் துறவியின் ஒழுக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராயிருந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடல் பூமியைப் பேணுதலை விசுவாசத்தின் கடமையாகவே எடுத்துரைத்தது. கணக்குக்கு எதிராக மதத்தைத் துணைக்கழைப்போர் தம் மதத்தையே முதலிற் கற்றல் வேண்டும்.

அலங்காரம் குறைந்தால் மக்கள் வரமாட்டார் என்பது இரண்டாவது மறுப்பு. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. ஜாம் போத்தலினுள் பஞ்சுத்திரியிட்டுச் சில துளி எண்ணெயில் விளக்கெரித்து ஒரு தலைமுறை பாடம் படித்தது. அந்நாட்களில் ஆலயங்கள் வெறிச்சோடினவா? திருவிழாக்கள் நின்றனவா? தீவட்டியின் ஒளியிலும் நெய்விளக்கின் ஒளியிலும் சுவாமி வீதியுலா வந்தபோது மக்கள் அழுது தொழுதனர். கருவறையில் மின்விளக்கு ஏற்றாத மரபைப் பல ஆலயங்கள் இன்றும் பேணி வருகின்றன. இருளினூடே ஒற்றைச் சுடரில் மூர்த்தம் தோன்றும் அந்த அனுபவமே சிற்பியும் ஆகமமும் கருதியது. அதனைச் சூழ நிறவிளக்குகளை ஓடவிட்டுக் கண்கூசச் செய்வோர் பக்தியை வளர்க்கின்றனரா, கடைத்தெருவை வளர்க்கின்றனரா?

அமைச்சர் மாளிகைகளும் வாணிப நிலையங்களும் வீணாக்குவதைக் கேளாது, ஏழைக் கோயிலை மட்டும் கேட்பது நியாயமா என்பது மூன்றாவது மறுப்பு. சிறுபான்மை மக்களிடையே இது வேறொரு வடிவமும் பெறும்: அரச ஆதரவு பெற்ற பெரிய நிறுவனங்களை முதலிற் கேளுங்கள் என்பது அது. இம்மறுப்பில் உண்மையின் கூறு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. குளிரூட்டிய மண்டபங்களில் சிக்கனம் பற்றிச் சொற்பொழிவாற்றுவோர் தம் மண்டபத்தை முதலில் அளத்தல் வேண்டும். கணக்காய்வு நான்கு மதத்தாருக்கும் ஒருபடித்தாக அமைதலும் வேண்டும். ஆயினும், பிறர் செய்யவில்லை என்பது தாம் செய்யாமைக்கு நியாயமாவதில்லை. மற்றவருக்கு முன் தன் கணக்கை விரித்துவைக்கும் நிறுவனமே மற்றவரைக் கேட்கும் உரிமையைப் பெறும். அன்றியும், இம்மறுப்பை எழுப்புவோர் தம்மூர் ஏழையை மறந்துவிடுகின்றனர். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஆலயங்கள் பல புலம்பெயர்ந்தோர் பணத்தாற் புதுப்பொலிவு பெற்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் கோபுரத்தையும் மண்டபத்தையும் உபயமாக்கினர். கும்பாபிடேகம் கண்டு, படம் எடுத்து, விமானமேறினர். மீள்குடியேறிய சிற்றூரின் சில குடும்பங்களோ, தம் வீட்டுக் கூரையை முடிக்க முடியாத நிலையில், அம்மண்டபத்தின் மின்கட்டணத்திற்கு மாதாந்தம் வரிப்பணம் கட்டுகின்றன. பெயர் பளிங்கிற் பொறிக்கப்பட்டவர் ஒருவர். சுமையைச் சுமப்பவர் வேறொருவர். ஏழைக் கோயிலைக் காப்பாற்றுதல் என்பது இச்சுமையை அளந்து குறைப்பதேயன்றி மூடிமறைப்பதன்று.

கூரையிற் சூரியப் படல்களைப் பொருத்திவிட்டாற் கணக்காய்வே தேவையில்லை என்பது நான்காவது மறுப்பு. இது நவீன உடையணிந்து வருவதால் படித்தவரையும் மயக்குகின்றது. 2016ஆம் ஆண்டில் அரசு கூரைச் சூரியசக்தியைப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கிய பின் இவ்வெண்ணம் வலுப்பெற்றது. சூரியப் படல் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நண்பகலில் உச்சமாக மின்சாரம் தருவது. ஆலயமோ மாலைப் பூசையிலும் இரவுத் திருவிழாவிலும் உச்சமாக மின்சாரம் உண்பது. இந்நாட்டில் மின்தேவை மிகுந்த நேரமாகக் கொள்ளப்படுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையாகும். அந்நேரத்துக் கூடுதற் தேவைக்கு விலையுயர்ந்த எண்ணெய் எரிக்க நேர்கின்றது. பகலில் வலையமைப்புக்குக் கொடுத்து இரவில் வாங்கும் ஒழுங்கு கட்டணப் பட்டியலைக் குறைக்கலாம். நாட்டின் இரவுச் சுமையைக் குறைக்காது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் பகல் நேர மின்தேவை வீழ்ந்தபோது, கூரைப் படல்களை நிறுத்திவைக்குமாறு அவற்றின் உரிமையாளர் கேட்கப்பட்டமை இதற்குச் சான்று. கணக்காய்வின்றிப் படல் பொருத்துதல் ஓட்டைக் குடத்திற்குப் பெரிய குழாய் பூட்டுவது போன்றது. தேவையைப் பாதியாக்கியபின் பொருத்தினால் பாதிப் படலே போதும். எஞ்சிய பணத்தில் ஊர்ப் பாடசாலைக்கும் ஒரு படல் கிடைக்கும். ஆனால் படலில் உபயகாரரின் பெயரைக் கீழே நிற்போர் காண முடியாது. அதுவே அதற்கொரு தடையாகலாம்.

பிற நாட்டு அனுபவம்

இம்முறை ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்குப் பிற நாடுகளின் முயற்சிகள் சான்றாகும். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 2020 பெப்ரவரியில், 2030ஆம் ஆண்டளவில் தன் நிகரக் கரியமில வெளியீட்டைச் சுழியமாக்குவதென இலக்கு வகுத்தது. அதற்கு அத்திருச்சபை கையாண்ட முதற்கருவி, ஒவ்வொரு பங்கும் தன் எரிவாயு, மின்சாரப் பட்டியல்களை நிரப்பி அனுப்பும் படிவமே. எது எவ்வளவு என்று அறிந்தபின்னரே எதை மாற்றுவது என்ற பேச்சு. மொறோக்கோவில் அரசு பள்ளிவாசல்களைச் சிக்கனப்படுத்தும் திட்டமொன்றைத் தொடங்கி, விளக்குகளை மாற்றியும், உளூச் செய்யும் நீருக்குச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தியும், உள்ளூர்த் தொழிலாளருக்கு அவ்வேலையிற் பயிற்சி அளித்தும் வந்தது. யாக்கார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் புதுப்பிக்கப்பட்டு 2022ஆம் ஆண்டில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்றது. உலகில் அச்சான்றிதழைப் பெற்ற முதல் வழிபாட்டிடம் அதுவே. திருப்பதித் திருமலையில் 2002ஆம் ஆண்டிலிருந்து அன்னதான உணவு சூரிய வெப்பத்தால் எழுப்பிய நீராவியிற் சமைக்கப்பட்டது. இவை செல்வம் மிக்க நிறுவனங்கள் என்று கூறி ஒதுக்கிவிடலாம். எனினும் செல்வம் மிக்கவரே அளந்து செலவிடும்போது, வறியவர் அளவாது செலவிடுதல் எவ்வகை அறிவு?

இவ்விடத்து ஒரு வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். குளிர்நாட்டுத் தேவாலயத்தின் பெருஞ்செலவு கட்டடத்தைச் சூடாக்குதல். வெப்பநாட்டு ஆலயத்தின் செலவோ ஒளியும் காற்றும் நீரிறைப்பும் ஒலியுமாகும். ஆதலின் அவர்களுடைய விடைகளை இங்கு பெயர்த்து நடுதல் பயன்தராது. அவர்கள் கேட்ட கேள்வியை இங்கு கேட்டலே பயன்தரும். உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் மணல்வீதியும் கொண்ட பழைய கட்டட முறை, காற்றுக்கு மின்சாரத்தை நாடவில்லை. தாழ்ந்த கொங்கிறீற்றுக் கூரையும் தகரக் கொட்டகையும் அடைத்த பக்கங்களும் வந்தபின்னரே அடியாருக்கு மூச்சு முட்டியது; மின்விசிறிக்கு உபயகாரர் தோன்றினர். புதுப்பித்தல் என்ற பெயரிற் காற்றை அடைத்துவிட்டுப் பின்னர் அதனை மின்கட்டணம் செலுத்தி வாங்குவது முன்னேற்றமாகாது. திருப்பணிக் குழுக்கள் வரைபடம் வரையும்போதே இதனைக் கேட்டிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு வழிபாட்டிடத்தின் பரிபாலன சபையும் வரவுசெலவறிக்கையுடன் அவ்வாண்டிற் செலவான மின் அலகுகளையும் டீசல் லீற்றர்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். ரூபாக் கணக்கு மட்டும் போதாது. கட்டணம் மாறுந்தோறும் ரூபா மாறும், வீண்விரயத்தை மறைக்கும். அலகுக்கு மறைக்கத் தெரியாது.

இரண்டாவதாக, மின்னால் இயங்கும் எப்பொருளை உபயமாக ஏற்கும்போதும் அதன் ஓராண்டு மின்செலவைக் கணித்து உபயகாரருக்குக் காட்டுதல் வேண்டும். அச்செலவையும் அவரே ஏற்பாராயின் ஏற்கலாம். அன்றேல் பொருளை வணக்கத்துடன் மறுக்கலாம். சாவா மூவாப் பேராட்டின் இக்கால வடிவம் இதுவேயாம்.

மூன்றாவதாக, அரசு வழங்கும் சலுகை எதுவாயினும் கணக்காய்வு அறிக்கையோடு பிணைக்கப்படுதல் வேண்டும். நியாயமான தேவைக்குரிய அலகுகளுக்குச் சலுகை, அதற்கு மேற்பட்டவற்றுக்கு முழுக் கட்டணம் என்ற விதி அமைந்தால், சிற்றூர்க் கோயிலும் தோட்டத்து மாரியம்மன் ஆலயமும் கடலோரத் தேவாலயமும் காக்கப்படும். அவற்றின் வறுமையைக் காட்டிச் சலுகை பெறும் பெரிய நிறுவனங்கள் தம் சுமையைத் தாமே சுமக்கும். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், சக்திச் சிக்கனத்தை வளர்க்கும் பொறுப்பை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையிடம் ஒப்படைத்தது. அப்பொறுப்பு வழிபாட்டிடத்தின் வாயிலில் நின்றுவிடல் ஆகாது.

நான்காவதாக, இது பல்கலைக்கழகங்களின் வேலையுமாகும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பொறியியல் பயிலும் மாணவர் தத்தம் ஊர் வழிபாட்டிடத்தை விடுமுறையில் அளந்து வருவாராயின், சில ஆண்டுகளிலேயே நாடு தழுவிய கணக்கொன்று கையிலிருக்கும். அளவையும் முடிவையும் ஊரவர் வாசித்தறியும் தமிழில் எழுதித் தருதல் கலைப்பீட மாணவரின் பங்கு. தமிழ்ச் சங்கங்கள் விழா மண்டபத்தில் விளக்கேற்றித் தமிழின் பெருமை பேசுவதோடு அமையாது, அவ்விளக்கின் செலவைத் தமிழிற் கணித்துக் காட்டவும் முன்வருதல் வேண்டும். பல்கலைக்கழக வளவினுள் நடைபெறும் விழாக்களே முதலில் அளக்கப்படலாம். பிறரைக் கண்டிப்போர் தம் மேடையின் மின்குமிழ்களை எண்ணாது விடின் கண்டனம் வெறும் ஒலிபெருக்கியாகிவிடும்.

இவற்றுள் எதுவும் வழிபாட்டைக் குறைப்பதன்று. பூசை ஒன்றேனும் நிறுத்தப்பட வேண்டியதில்லை. தொழுகை ஒன்றேனும் சுருங்க வேண்டியதில்லை. போதி மரத்தடியில் ஏற்றும் எண்ணெய் விளக்குகளுள் ஒன்றேனும் அணைய வேண்டியதில்லை. குறைய வேண்டியது வழிபாட்டின் பெயரால் நடைபெறும் ஆடம்பரமும் அதனைப் பிறர் தலையில் ஏற்றும் வழக்கமுமே. ஆலயத்தின் மதிலுக்கு வெளியே, மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விரவு எந்த விளக்கை அணைப்பது என்று எண்ணும் தாய் ஒருத்தி இருக்கின்றாள். அவளுடைய பிள்ளை அவ்வொளியிலேயே படிக்க வேண்டும். அவள் ஒவ்வொரு நாளும் தன் வீட்டிற் கணக்காய்வு செய்கின்றாள்; அவளுக்குச் சலுகை கேட்டு எவரும் ஊர்வலம் போவதில்லை. அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் நிறவிளக்குகள் நன்கு தெரியும். அவ்விளக்குகளுக்குத் தானும் ஒரு பங்கு செலுத்துகின்றாள் என்பதை அவளுக்கு எவரும் சொன்னதில்லை. அதனைச் சொல்லும் துணிவு கோயிற் சபைக்கு வரும் நாளிலேயே, அச்சபை ஏற்றும் விளக்கு இறைவனுக்கு ஏற்றிய விளக்காகும்.